கூடமும் பட்டியலும்: டிக்கெட்டைத் தாமே விற்ற இருவர்

பாடுகிறவர் மேடையில் இருக்கிறார். கேட்கிறவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். நடுவில் டிக்கெட் விற்க மூன்றாவது ஆள் எதற்கு? இணையத்தில் 800 ரூபாய் டிக்கெட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பணம் கட்டப் போகும்போது தொகை 900ஐத் தொட்டு நிற்பதைப் பார்க்கிற எல்லோருக்கும் இந்தக் கேள்வி வரும். கலைஞரே ஒரு வலைத்தளம் வைத்து விற்றுவிட்டால் என்ன? ஒரு படிவம், பணம் வாங்க ஒரு வழி, வாசலில் சரிபார்க்க ஒரு க்யூஆர் குறி. இன்றைக்கு இவை எதற்கும் பெரிய செலவில்லை.

அமெரிக்காவில் இதைச் செய்து பார்த்த இரண்டு பெரிய முயற்சிகள் உண்டு. ஒன்று சியாட்டில் நகரத்து ராக் இசைக்குழுவான பேர்ல் ஜாம் 1994-95இல் செய்தது. மற்றொன்று நகைச்சுவைக் கலைஞர் லூயிஸ் சி.கே. 2012இல் செய்தது. இருவரும் விலகி நிற்க விரும்பியது ஒரே வகை வியாபாரத்திலிருந்து: டிக்கெட்மாஸ்டர் என்ற நிறுவனமும் அது வகுத்த முறையும். பேர்ல் ஜாம் சில ஆண்டுகளில் டிக்கெட்மாஸ்டரிடமே திரும்பியது. லூயிஸ் 45 மணி நேரத்தில் 1,00,000 டிக்கெட் விற்றார்.

நடுவில் இணையம் வந்துவிட்டது, அதனால் முன்னவர் தோற்றார், பின்னவர் ஜெயித்தார் என்று இந்த இரண்டு கதைகளையும் முடித்துவிடுவது வழக்கம். அருகருகே வைத்துப் பார்த்தால் கணக்கு அப்படி வரவில்லை. இணையம் உதவியது உண்மை. ஆனால் முடிவைத் தீர்மானித்தவை வேறு இரண்டு: நிகழ்ச்சி நடக்கும் கூடம் யார் கையில் இருக்கிறது, வாங்குகிறவர்களின் முகவரிப் பட்டியல் யார் கையில் இருக்கிறது.

கட்டணம் யாருக்குப் போகிறது

முதலில் எதிராளியைப் புரிந்துகொள்ள வேண்டும். டிக்கெட்மாஸ்டர் 1976இல் அரிசோனாவில் தொடங்கிய நிறுவனம். அப்போது சந்தையில் பெரிய ஆளாக இருந்தது டிக்கெட்ரான். கணினி வழி டிக்கெட் விற்றுத் தரும் வேலைக்கு அரங்கங்களிடமே கூலி வாங்குவது அக்கால முறை. 1980களில் டிக்கெட்மாஸ்டரின் தலைமைக்கு வந்த ஃபிரெட் ரோசன் அதைத் தலைகீழாக்கினார். அரங்கம் எதுவும் தர வேண்டாம், ரசிகரிடம் சேவைக் கட்டணம் வாங்கிக்கொள்வோம், அதில் உங்களுக்கும் பங்கு தருவோம், வேண்டுமானால் முன்பணமாகவே தருவோம் என்றார். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றுதான்: பல ஆண்டுகளுக்கு இந்த அரங்கின் டிக்கெட்டை நாங்கள் மட்டுமே விற்போம்.

எந்த அரங்க உரிமையாளர் இதை வேண்டாம் என்பார்? செலவாக இருந்தது வரவாக மாறியது. கட்டணம் அதிகம் என்று ரசிகர் திட்டினால் திட்டு டிக்கெட் நிறுவனத்துக்குப் போகும், பங்கு அரங்கத்துக்கு வரும். 1991இல் டிக்கெட்ரானையே டிக்கெட்மாஸ்டர் வாங்கிவிட்டது. அதன் பிறகு பெரிய நகரங்களின் பெரிய அரங்கங்களில் வேறு யாரும் விற்க வழியில்லாத நிலை உருவானது.

இந்த ஏற்பாட்டில் டிக்கெட் விற்கும் உரிமை கலைஞரிடம் இல்லை, அரங்கத்திடம் இருக்கிறது. அரங்கம் அதை முன்கூட்டியே விற்றுவிட்டது. ஆகவே கலைஞர் எவ்வளவு நல்ல கடை திறந்தாலும், விற்பதற்கு அவர் கையில் சரக்கு இருக்காது.

விலை: இருவருக்கும் ஒரே கோபம்

இரு முயற்சிகளும் தொடங்கியது விலையில். பேர்ல் ஜாம் 1993 அக்டோபரில் வெளியிட்ட இரண்டாவது இசைத்தொகுப்பு, முதல் ஐந்து நாளில் ஒன்பதரை லட்சம் பிரதிகளை ஒட்டி விற்றது. நினைத்த விலையைக் கேட்கலாம் என்ற உயரத்தில் நின்ற குழு அது. அவர்கள் கேட்டதோ, ரசிகர் மொத்தமாக 20 டாலருக்குள் உள்ளே வர வேண்டும் என்பது. டிக்கெட் 18 டாலர், சேவைக் கட்டணம் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1.80 டாலர். அந்தக் கட்டணத்தை டிக்கெட்டில் தனியாக அச்சிட்டுக் காட்டவும் வேண்டும் என்றார்கள். அதைவிடப் பல மடங்கு வாங்கிப் பழகியிருந்த டிக்கெட்மாஸ்டர் ஒப்பவில்லை.

லூயிஸ் 2012 ஜூன் 25ஆம் தேதி அறிவித்த விலை 45 டாலர். எந்த ஊர், எந்த வரிசை என்றாலும் அதே விலை. வரியும் அதற்குள் அடக்கம். கடைசிக் கட்டத்தில் ஏறுகிற தொகை எதுவும் கிடையாது. முந்தைய ஆண்டுகளில் அவரைப் பார்க்க மக்கள் கட்டணங்களோடு சேர்த்துக் கொடுத்ததைவிட இது குறைவு என்று அவரே எழுதினார்.

இரண்டுக்கும் இடையில் நுட்பமான வேறுபாடு உண்டு. பேர்ல் ஜாம் இடைத்தரகரை இருக்க விட்டு, அவருடைய கூலிக்கு உச்சவரம்பு கேட்டது. லூயிஸ் கூலி என்ற வரியையே ரசிகரின் கண்ணிலிருந்து எடுத்துவிட்டார். செலவு அவருக்கும் இருந்தது. கார்டு நிறுவனங்கள் 3 சதவீதத்தை ஒட்டிப் பிடிக்கும், மென்பொருளுக்குப் பணம் தர வேண்டும், விற்பனை வரி கட்ட வேண்டும். அவற்றை எல்லாம் 45க்குள் அடக்கிக்கொண்டார். ரசிகருக்குப் பார்த்த விலையும் கொடுத்த விலையும் ஒன்றாயின. நேரடி விற்பனையில் ரசிகருக்குக் கிடைக்கிற முதல் லாபம் இந்தத் தெளிவுதான். விலை குறைவது அதற்கு அடுத்தபடி.

கூடம்: வழி பிரிந்த இடம்

1994 கோடையில் டிக்கெட்மாஸ்டர் இல்லாமல் ஒரு சுற்றுப்பயணம் போக பேர்ல் ஜாம் முயன்றது. அரங்கங்கள் கிடைக்கவில்லை. மே மாதம் அமெரிக்க நீதித்துறையின் ஏகபோகத் தடுப்புப் பிரிவில் புகார் கொடுத்தது. டிக்கெட்மாஸ்டர் தன் ஏகபோகத்தைப் பயன்படுத்தி, நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்கள் தங்களைப் புறக்கணிக்கும்படி செய்தது என்பது புகாரின் சாரம். ஜூன் 30ஆம் தேதி குழுவின் கிதார் கலைஞர் ஸ்டோன் கொசார்டும் பேஸ் கிதார் கலைஞர் ஜெஃப் ஏமென்ட்டும் நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்றின் முன் சாட்சி சொன்னார்கள். ரோசனும் வந்து தன் தரப்பைச் சொன்னார். கோடைச் சுற்றுப்பயணம் ரத்தானது.

அடுத்த ஆண்டு வேறு வழியில் இறங்கினார்கள். இ.டி.எம். என்ற சிறிய கலிபோர்னிய நிறுவனத்தைச் சேர்த்துக்கொண்டு, தொலைபேசி வழியாக டிக்கெட் விற்றார்கள். பூட்டு இல்லாத இடங்களைத் தேடினார்கள். 1995 ஜூன் 16ஆம் தேதி அந்தப் பயணம் தொடங்கிய ஊரைப் பார்த்தாலே நிலைமை விளங்கும். நியூயார்க் இல்லை, லாஸ் ஏஞ்சல்ஸ் இல்லை; வயோமிங் மாநிலத்தில் அப்போது சுமார் 50,000 பேர் வாழ்ந்த காஸ்பர். நாட்டின் மிகப் பெரிய ராக் குழுக்களில் ஒன்று, ஒப்பந்தத்தில் சிக்காத அரங்கம் இருக்கும் ஊராகப் பார்த்துப் போக வேண்டியிருந்தது.

காஸ்பருக்குப் பிறகு திறந்தவெளிகள் வந்தன. யூட்டா மாநிலத்தில் நடக்கவிருந்த நிகழ்ச்சியை மழை கெடுத்தது. சான் டியேகோவில் கண்காட்சித் திடலில் நடத்தலாம் என்றால், இவ்வளவு கூட்டத்துக்குப் பாதுகாப்பு போதாது என்று மாவட்ட ஷெரீப் தரப்பில் தடை வந்தது. அதை உள்ளூர் விளையாட்டரங்கத்துக்கு மாற்றலாம் என்றால் அங்கே டிக்கெட்மாஸ்டர் உட்கார்ந்திருந்தது. வழக்கமான அரங்கம் ஒன்றில் வேலியும் கழிப்பறையும் வாகன நிறுத்தமும் காவலும் நிகழ்ச்சிக்கு முன்பே இருக்கும். திடலில் இவை அத்தனையையும் புதிதாகக் கட்ட வேண்டும். ஊர் நிர்வாகத்தின் அனுமதியும் வாங்க வேண்டும். டிக்கெட் விற்பனையைத் தங்கள் கைக்குக் கொண்டுவரப் போனவர்கள், அரங்கம் நடத்தும் தொழிலையே தலையில் ஏற்றிக்கொண்டார்கள்.

ஜூன் 24 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் 50,000 பேர் கூடினார்கள். பாடகர் எடி வெட்டருக்கு வயிறு கெட்டிருந்தது. ஏழு பாட்டோடு அவரால் முடியவில்லை, மேடையை விட்டு இறங்கிவிட்டார். மூத்த கலைஞர் நீல் யங் ஏறி மீதி நேரத்தைச் சமாளித்தார். காசு கொடுத்து வந்த கூட்டத்தில் பலருக்கு அது போதவில்லை. எஞ்சிய பயணம் ரத்து என்று அறிவித்த குழு, பிறகு மில்வாக்கி, சிகாகோ போன்ற சில ஊர்களை மட்டும் மீட்டுக்கொண்டது. சில நாள் கழித்து, ஜூலை 5ஆம் தேதி, நீதித்துறை மிகச் சுருக்கமான ஓர் அறிவிப்போடு டிக்கெட்மாஸ்டர் மீதான விசாரணையை முடித்தது. டிக்கெட் விற்பனைக்குப் புதிய நிறுவனங்கள் வருகின்றன என்பது காட்டப்பட்ட காரணங்களில் ஒன்று.

லூயிஸுக்கும் இதே பூட்டு இருந்தது. பல அரங்கங்கள் டிக்கெட் நிறுவனங்களோடு ஒப்பந்தத்தில் இருப்பதால் அங்கே நடத்த முடியாது என்பதை அவர் ரசிகர்களிடம் வெளிப்படையாகவே சொன்னார். பூட்டை உடைக்க அவர் முயலவில்லை, சுற்றிப் போனார். அவரால் சுற்றிப் போக முடிந்ததற்குக் காரணம் அவர் செய்யும் தொழில். மேடையில் ஒரு மனிதர், ஒரு மைக், ஒரு முக்காலி, ஒரு பாட்டில் தண்ணீர். ஒலிக்கருவிகளைச் சுமந்து வரும் லாரிகள் இல்லை. 2,000 இருக்கை உள்ள சிம்ஃபனி மண்டபம் போதும். அத்தகைய மண்டபங்களில் பலவற்றை இசை அமைப்புகளும் அறக்கட்டளைகளும் நடத்துகின்றன. பெரிய விளையாட்டரங்கங்களைப் போல எல்லாமே ஒரே நிறுவனத்தின் பிடியில் இல்லை.

எண்களை வைத்தால் இது துலங்கும். லூயிஸின் பயணத்தில் 67 காட்சிகள். விற்றவை 1,35,600 டிக்கெட் என்று அவர் ஒரு கட்டத்தில் கணக்குச் சொன்னார். காட்சிக்குச் சராசரியாக 2,000 பேர். பேர்ல் ஜாமுக்கு கோல்டன் கேட் பூங்காவில் ஒரே பகலில் வந்த கூட்டம் 50,000. லூயிஸ் அத்தனை ஊர் சுற்றிச் சேர்த்த மொத்தக் கூட்டம், அந்தப் பூங்காவை மூன்று முறைகூட நிரப்பாது. இணையம் எவ்வளவு வேகமாக இருந்தாலும் 50,000 பேரை 2,000 பேர் மண்டபத்தில் உட்கார வைக்காது. பேர்ல் ஜாம் 2012இல் பிறந்திருந்தாலும் அதே திடலைத்தான் தேடியிருக்கும்.

இதற்குச் சாட்சியாக, லூயிஸ் அறிவிப்பு வந்த அதே ஜூன் மாதம் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லலாம். கொலராடோவின் ஸ்ட்ரிங் சீஸ் இன்சிடென்ட் என்ற இசைக்குழுவுக்குச் சொந்த டிக்கெட் நிறுவனமும் வலைத்தளமும் இருந்தன. ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸின் கிரீக் தியேட்டரில் அவர்களுடைய நிகழ்ச்சிக்கான டிக்கெட்டை அவர்களால் நினைத்தபடி விற்க முடியவில்லை. என்ன செய்தார்கள்? சுமார் 50 நண்பர்களையும் ரசிகர்களையும் திரட்டி, அவர்கள் கையில் மொத்தம் 20,000 டாலர் ரொக்கத்தைப் பிரித்துக் கொடுத்து, தியேட்டரின் கவுன்ட்டரில் வரிசையில் நிற்க வைத்தார்கள். கவுன்ட்டரில் வாங்கினால் சேவைக் கட்டணம் கிடையாது. ஆளுக்குச் சில டிக்கெட் என்று 400 டிக்கெட் வாங்கி வந்து, அதே விலைக்குத் தங்கள் தளத்தில் ரசிகர்களுக்கு விற்றார்கள். தன் கச்சேரிக்குத் தானே வரிசையில் நின்று டிக்கெட் வாங்க வேண்டிய நிலை. சொந்தத் தளம் எவ்வளவு நன்றாக ஓடினாலும் கூடம் கையில் இல்லாவிட்டால் இவ்வளவுதான்.

பட்டியல்: முன்கூட்டியே சேர்த்த முதல்

இரண்டாவது திறவுகோல் பட்டியல். லூயிஸின் 45 மணி நேர விற்பனை 2012 ஜூனில் தொடங்கவில்லை. அது 2011 டிசம்பரில் தொடங்கியது. நியூயார்க்கின் பீக்கன் தியேட்டரில் நடத்திய நிகழ்ச்சியைத் தன் செலவில் படம் பிடித்து, தன் தளத்திலேயே 5 டாலருக்கு விற்றார். படப்பிடிப்புக்கு ஏறத்தாழ 1,70,000 டாலர், தளத்துக்கு 32,000 டாலர் செலவு. கோப்பை நகல் எடுக்க முடியாதபடி பூட்டும் ஏற்பாடு எதையும் வைக்கவில்லை. இரண்டு வாரத்துக்குள் 10,00,000 டாலர் தாண்டியது. ஐந்தால் வகுத்தால் 2,00,000 வாங்குதல்கள்.

அந்தப் படிவத்தில் ஒரு சின்ன விஷயம் இருந்தது. இனிமேல் உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பலாமா என்ற கேள்வியில், 'வேண்டாம்' என்ற பதில் முன்பே தேர்வாகி இருந்தது. அதுவும் சும்மா வேண்டாம் இல்லை. என்னை விட்டுவிடு என்று லூயிஸையே வைகிற கிண்டலான வாசகம். வேண்டும் என்பவர் தாமாக மாற்ற வேண்டும். வியாபாரிகள் இதை நேர்மாறாகச் செய்வார்கள். சம்மதம் என்ற கட்டத்தில் டிக் அடித்தே வைத்திருப்பார்கள். லூயிஸின் பட்டியலில் இருந்தவர்கள் விரும்பிச் சேர்ந்தவர்கள். ஆறு மாதம் கழித்து அவர்களுக்கு ஒரு கடிதம் போனது, சுற்றுப்பயணம் விற்றுப்போனது. விளம்பரச் செலவு அவருக்கு அநேகமாக இல்லை.

பேர்ல் ஜாமுக்குப் பட்டியல் இல்லாமலா? இருந்தது. டென் கிளப் என்ற ரசிகர் மன்றம் குழுவின் தொடக்கத்திலிருந்தே உண்டு. உறுப்பினர்களுக்கு 1991 முதல் கிறிஸ்துமஸ் சமயத்தில் தனி இசைத்தட்டு அனுப்பும் வழக்கமும் இருந்தது. ஆனால் அது தபால் பட்டியல். கடிதம் போய்ச் சேர நாள் பிடிக்கும், பதிலும் பணமும் வந்துசேர இன்னும் நாள் பிடிக்கும். காஸ்பரில் அரங்கம் கிடைத்தது என்று உறுதியானவுடன் ஊரெல்லாம் தெரிவித்து, பணம் வாங்கி, டிக்கெட்டை அனுப்பி முடிக்க அந்தத் தபால் பட்டியல் தாங்காது. அதனால்தான் தொலைபேசி நிறுவனத்தைக் கூட்டுச் சேர்த்தார்கள். இணையம் வந்ததால் உண்மையில் மாறியது இந்த இடம்தான். பட்டியல் இருவரிடமும் இருந்தது. ஒருவருடைய பட்டியலுக்கு வேகம் கிடைத்தது.

இங்கே இன்னொன்றையும் கவனிக்கலாம். பெரிய தளம் ஒன்றில் டிக்கெட் விற்கும் கலைஞருக்குப் பணம் வந்துவிடுகிறது, வாங்கியவர் யார் என்பது வருவதில்லை. பெயர், மின்னஞ்சல், எந்த ஊர், எத்தனை முறை வந்தார் எல்லாம் தளத்திடம் தங்கிவிடுகின்றன. அடுத்த நிகழ்ச்சிக்கு அதே ஆளை அழைக்க மறுபடி அந்தத் தளத்திடமே போக வேண்டும். சேவைக் கட்டணம் ரசிகரின் செலவு என்றால், இழந்த பட்டியல் கலைஞரின் செலவு. அது எந்த ரசீதிலும் அச்சாவதில்லை.

பிளாக்கில் விற்பவர்கள்

விலையைக் குறைத்து வைத்தால் பிளாக்கில் விற்பவருக்குக் கொண்டாட்டம் என்பது டிக்கெட் வியாபாரத்தின் பழைய விதி. 18 டாலர் டிக்கெட்டுக்கு 100 டாலர் கொடுக்க ஆள் இருந்தால், நடுவில் 82 டாலர் யாருக்கோ காத்திருக்கிறது. நேரடி விற்பனையின் நியாயமே இங்கேதான் சோதனைக்கு வரும்.

லூயிஸின் விதி எளியது. வாங்கிய விலைக்கு மேல் விற்பதைக் கண்டுபிடித்தால் அந்த டிக்கெட் ரத்து. கடை தன்னுடையது, வாங்கியவர் பெயர் தன்னிடம் இருக்கிறது, ஆகவே மிரட்டலுக்கு அர்த்தம் இருந்தது. மறுவிற்பனைத் தளங்களில் தன் டிக்கெட் 500க்கும் குறைவாகவே கிடக்கிறது, முந்தைய ஆண்டைவிட இது 96 சதவீதம் குறைவு என்று அவர் அறிவித்தார். இது அவர் சொன்ன கணக்கு. ஆனாலும் தர்க்கம் சரியானது. மூன்றாவது ஆள் விற்கும்போது, முதல் விற்பனையிலும் மறுவிற்பனையிலும் அவருக்கே கட்டணம் வருமானால், பிளாக்கை ஒழிக்க அவருக்கு அக்கறை எங்கிருந்து வரும்?

பேர்ல் ஜாம் இதே பிரச்சினைக்கு வேறு பாதையில் வந்து சேர்ந்தது. டென் கிளப்புக்கென்று ஒதுக்கிய இருக்கைகளை உறுப்பினர் எண்ணின் மூப்புப்படி கொடுத்தார்கள். முன்பே சேர்ந்தவருக்கு முன்வரிசை. பிளாக்கில் விற்பவர் ஒருவர் இதில் நுழைய வேண்டுமானால் பத்தாண்டுக்கு முன்பே ரசிகராகி இருக்க வேண்டும். பணத்தால் வாங்க முடியாத ஒன்றை, அதாவது காத்திருந்த காலத்தை, விலையாக வைத்ததால் இது வேலை செய்தது.

பிறகு நடந்தவை

1998இல் பேர்ல் ஜாம் டிக்கெட்மாஸ்டர் அரங்கங்களுக்குத் திரும்பியது. ரசிகர்களைத் திடல்களுக்கும் தொலைவூர்களுக்கும் அலைய விடுவது எந்த நியாயத்துக்காக என்ற கேள்விக்கு வேறு பதில் இல்லை. 2020களில் காட்சி இன்னும் மாறியது. கைமாற்ற முடியாத டிக்கெட், வாங்கிய விலைக்கே ரசிகர்களுக்குள் மாற்றிக்கொள்ளும் வசதி என்ற ஏற்பாடுகளை டிக்கெட்மாஸ்டரின் மென்பொருள் வழியாகவே குழு செய்தது. அவற்றைத் தடுக்கும் சட்டம் உள்ள சில மாநிலங்கள் மட்டும் விலக்கு. ஒரு காலத்தில் நாடாளுமன்றம் வரை போய் எதிர்த்த நிறுவனமே கருவியாகிவிட்டது. டென் கிளப் இருக்கைகள் மட்டும் அவர்களுடைய விதிப்படி தொடர்கின்றன. சண்டையில் தோற்றவர்கள் கையில் மிஞ்சியது பட்டியல்.

லூயிஸின் கதையில் பட்டியலின் மறுபக்கம் தெரிந்தது. பெண்களிடம் அவர் முறைகேடாக நடந்துகொண்டதை 2017 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. அது உண்மைதான் என்று அவரும் ஒப்புக்கொண்டார். தொலைக்காட்சியும் படத் தயாரிப்பாளர்களும் கைவிட்டார்கள். ஆனால் தளமும் பட்டியலும் அவரிடம் இருந்தன. 2020 ஏப்ரலில் புதிய நிகழ்ச்சிப் படத்தை அதே தளத்தில் விற்றார். இடைத்தரகர் இல்லாத கடையில் தடுத்து நிறுத்தவும் ஆள் இல்லை. அது நல்லதா கெட்டதா என்பது விற்பவரைப் பொறுத்தது. கடைக்கு அந்தப் பகுத்தறிவு கிடையாது. நேரடி விற்பனையைப் புகழ்கிறவர்கள் இதையும் கணக்கில் எழுத வேண்டும்.

எதிராளிக்கு என்ன ஆயிற்று? 2010இல் நிகழ்ச்சி ஏற்பாட்டிலும் அரங்க நிர்வாகத்திலும் பெரிய நிறுவனமான லைவ் நேஷனோடு டிக்கெட்மாஸ்டர் இணைந்தது. நீதித்துறை நிபந்தனைகளோடு அனுமதித்தது. ஒப்பந்தத்தால் அரங்கங்களைக் கட்டிவைத்த நிறுவனம், அரங்கங்களை நடத்துகிற நிறுவனத்தோடு ஒன்றானது. 2022 நவம்பர் 15ஆம் தேதி பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் சுற்றுப்பயண முன்விற்பனையில் தளம் திணறியபோது டிக்கெட் பிரச்சினை வீட்டுப் பேச்சானது. அன்று ஒரே நாளில் 20 லட்சத்துக்கும் மேல் டிக்கெட் விற்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எந்தக் கலைஞரின் சொந்தத் தளமும் அந்தக் கூட்டத்தைத் தாங்கியிருக்குமா என்பது சந்தேகம். 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறையும் 29 மாநிலங்களும் தலைநகர் மாவட்டமும் லைவ் நேஷன் மீது வழக்குத் தொடர்ந்தன. அரங்கங்களோடு நீண்ட காலத் தனியுரிமை ஒப்பந்தங்கள் என்பது அதில் முக்கியக் குற்றச்சாட்டு. முப்பது ஆண்டுக்கு முன் பேர்ல் ஜாம் எழுதிக் கொடுத்த புகாரிலும் அடிப்படை இதுதான். கட்டணம் மறைத்துக் காட்டப்படுவதைத் தடுக்கும் கூட்டாட்சி விதி 2025 மே 12 முதல் நடைமுறைக்கு வந்தது. டிக்கெட்டுக்கு முதலிலேயே மொத்த விலையைக் காட்ட வேண்டும் என்கிறது அது. லூயிஸ் 45 டாலர் என்று எழுதியதன் சாரம் சட்டமாகிவிட்டது. கூடத்தின் பூட்டைத் திறக்க அந்த விதியால் ஆகாது.

தராசு

இரண்டையும் எடை போட்டால், விலையில் இருவருடைய எண்ணமும் ஒன்று. கருவியில் லூயிஸுக்கு வசதி அதிகம். பட்டியலில் லூயிஸ் உடனடியாகப் பலன் பெற்றார், பேர்ல் ஜாம் காலம் கடந்து பெற்றது. கூடத்தில் இருவருமே ஜெயிக்கவில்லை. ஒருவர் மோதிப் பார்த்தார், மற்றவர் விலகிப் போனார். விலகிப் போக முடிந்தவர் ஜெயித்தவராகத் தெரிகிறார். அது அவருடைய தொழிலின் அளவு தந்த சலுகை. பெரிய குழுக்கள் லூயிஸைப் பின்பற்றித் தம் சுற்றுப்பயணங்களைச் சொந்தத் தளத்துக்குக் கொண்டுவராததற்கும் இதுவே காரணம்.

சிறிய ஆட்களுக்கு இந்த ஒப்பீடு தரும் செய்தி நம்பிக்கையானது. நேரடி விற்பனை பெரிய நட்சத்திரங்களுக்கான வழி என்று தோன்றும், உண்மை அதற்கு நேர்மாறு. கூட்டம் சிறிதாக இருக்கும்போதுதான் கூடத்தைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இருக்கிறது. சென்னையின் பழைய சபாக்களில் பலவற்றுக்குச் சொந்த அரங்கம் உண்டு, தலைமுறை தலைமுறையாக வரும் உறுப்பினர் பட்டியலும் உண்டு. பேர்ல் ஜாமுக்கு அமையாத கூடமும், லூயிஸ் சேர்க்க வேண்டியிருந்த பட்டியலும் அவற்றின் கையிலேயே இருக்கின்றன. யுபிஐ வழியே வரும் பணத்துக்கு வணிகரிடம் பிடிக்கும் கழிவு 2020 ஜனவரி முதல் இல்லை என்பதால், அமெரிக்கக் கலைஞர் விழுங்க வேண்டியிருந்த 3 சதவீதமும் இங்கே பெரும்பாலும் இல்லை. வாடகை மண்டபத்தில் நாடகம் போடும் குழுவுக்குக் கூடம் சொந்தமில்லை. ஆனால் 200 இருக்கை மண்டபத்தை யாரும் பத்தாண்டு ஒப்பந்தத்தில் பூட்டி வைப்பதில்லை.

பொறுப்பும் கூடவே வரும். நிகழ்ச்சி நின்றுபோனால் பணத்தைத் திருப்பித் தருவது, டிக்கெட் வரவில்லை என்று இரவு பதினொரு மணிக்கு அழைப்பவருக்குப் பதில் சொல்வது, வாசலில் ஒரே குறியோடு இருவர் வந்து நின்றால் தீர்த்து வைப்பது எல்லாம் இனி உங்கள் வேலை. பாடகரின் வயிறு கெட்ட அந்தப் பூங்கா நிகழ்ச்சியில், 50,000 பேரின் ஏமாற்றமும் நேராகக் குழுவின் மேல்தான் விழுந்தது. சேவைக் கட்டணத்தில் ஒரு பகுதி இந்தத் திட்டை வாங்கிக்கொள்வதற்கான கூலி. அது வேண்டாம் என்பவர் திட்டைத் தாமே வாங்கத் தயாராக இருக்க வேண்டும்.

ஆகவே சொந்தத் தளத்தில் டிக்கெட் விற்க நினைப்பவர் தளத்திலிருந்து தொடங்கினால் வரிசை தவறிவிடும். முதல் நிகழ்ச்சிக்கு வந்தவர்களின் முகவரியை, அவர்கள் விருப்பத்தோடு, ஒரு நோட்டில் எழுதி வாங்கினாலும் போதும். அது தளத்துக்கு ஓராண்டு முன்பே தொடங்க வேண்டிய வேலை. அடுத்து அரங்கத்தோடு போடும் ஒப்பந்தத்தில் டிக்கெட் விற்கும் உரிமை யாருக்கு என்ற பத்தியைப் படிக்க வேண்டும். இந்த இரண்டும் சாதகமாக இருந்தால் தளம் அமைக்க ஒரு வாரம் போதும். இல்லாவிட்டால் எவ்வளவு அழகான தளமும் விற்பதற்கு டிக்கெட் இல்லாமல் திறந்து கிடக்கும்.